வாசகர் கேள்விகள்: நியூயார்க் ஜெட்ஸ் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது?

இந்த இதழுக்கு வந்த விளையாட்டுக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அணியைப் பற்றியவை. 2024 நவம்பர் மூன்றாவது வாரம் முடிகிற நேரத்தில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் ஆடும் நியூயார்க் ஜெட்ஸ் 11 ஆட்டங்கள் ஆடி, 3 வெற்றி, 8 தோல்வி என்ற நிலையில் நிற்கிறது. அக்டோபர் 8 அன்று தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலே நீக்கப்பட்டார். நவம்பர் 19 அன்று பொது மேலாளர் ஜோ டக்ளஸும் நீக்கப்பட்டார். ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் ஜெட்ஸுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆரன் ராட்ஜர்ஸ், டவான்டே ஆடம்ஸ், காரெட் வில்சன், ப்ரீஸ் ஹால், சாஸ் கார்ட்னர் என்று இத்தனை பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் இருந்தும் இந்த அணி ஏன் தோற்கிறது? திறமைக் குறைவா, வேறு எங்காவது கோளாறா? (நியூஜெர்சி வாசகர்)

பதில்: திறமைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை, கணக்கும் அப்படிச் சொல்லவில்லை. எட்டுத் தோல்விகளில் ஐந்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். டென்வரிடம் 10-9, லண்டனில் மின்னசோட்டாவிடம் 23-17, பஃபலோவிடம் 23-20, நியூ இங்கிலாந்திடம் 25-22, இண்டியானாபொலிசிடம் 28-27. இந்த ஐந்து ஆட்டங்களிலும் ஜெட்ஸ் பின்தங்கிய புள்ளிகள் அனைத்தையும் கூட்டினால் 14 தான் வருகிறது. இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது), அவற்றோடு இரண்டு கூடுதல் உதை, அவ்வளவே. இந்த ஐந்தில் மூன்றை வென்றிருந்தால் இன்று கணக்கு 6-5 என்று இருந்திருக்கும். நீங்களும் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

கடைசி ஐந்து நிமிடங்களில் ஆட்டத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத அணி என்றால், அதற்குக் காரணம் அந்த ஐந்து நிமிடங்களுக்குள் மட்டும் இருக்காது. அணி எப்படிக் கட்டப்பட்டது என்பதில் தேட வேண்டும். 2023 ஏப்ரலில் கிரீன் பே பேக்கர்ஸிடமிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ராட்ஜர்ஸை வாங்கிய நாளிலிருந்து ஜெட்ஸ் ஒரே மனிதரை நடுவில் நிறுத்தி மற்ற எல்லாவற்றையும் அவரைச் சுற்றி அடுக்கியது. கிரீன் பேயில் அவரோடு பணியாற்றிய நத்தேனியல் ஹாக்கெட் ஏற்கெனவே தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாளராக வந்திருந்தார். அங்கே ராட்ஜர்ஸின் பாஸ்களைப் பிடித்த ஆலன் லசார்டும் வந்தார். இந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று லாஸ் வேகாஸ் ரைடர்ஸிடமிருந்து அவருடைய பழைய கூட்டாளியான ஆடம்ஸையும் கொண்டுவந்தார்கள். நான்கு முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் ராட்ஜர்ஸ். அவரை நம்பியதில் தவறு இல்லை. ஆனால் 2023 செப்டம்பர் 11 அன்று, ஜெட்ஸ் சட்டையில் ஆடிய முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பிலேயே, அதாவது பந்து பின்னால் தரப்பட்ட நான்காவது முறையிலேயே, அவருடைய குதிகாலின் அகில்லிஸ் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டு 7-10 என்று முடிந்தது. அந்த அடிக்குப் பிறகும் திட்டத்தை மாற்றாமல், அதே தூணின் மேல் இன்னும் ஒரு மாடி எழுப்பியதுதான் இந்த ஆண்டின் அடிப்படைக் கோளாறு என்பது என் எண்ணம்.

லண்டனில் நடந்த ஆட்டம் இதை அப்படியே காட்டியது. ஜெட்ஸ் அன்று 54 பாஸ்கள் முயன்றது. ஓடி எடுத்ததோ மொத்தம் 36 யார்டு. ப்ரீஸ் ஹால் போன்ற ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஒருவரை வைத்துக்கொண்டு, 40 வயதுக் குவார்ட்டர்பேக்கை 54 முறை எறியவைத்தால், எதிரணிக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது. மூன்று பாஸ்களை மின்னசோட்டா வைகிங்ஸ் பறித்தது. அவற்றில் ஒன்றை ஆண்ட்ரூ வான் கிங்கல் நேராக டச்டவுனுக்கே கொண்டு ஓடினார். மூன்றாவது, வெற்றிக்காக ஜெட்ஸ் முன்னேறிக்கொண்டிருந்த கடைசி நிமிடத்தில் பறிபோனது.

கேள்வி: பயிற்சியாளர் சாலேயை ஐந்தாவது ஆட்டத்தோடு நீக்கியது சரியான முடிவுதானா? அவர் போன பிறகு அணி மேம்பட்டிருக்கிறதா?

பதில்: இதற்குக் கருத்தைவிடக் கணக்கே நல்ல பதில். சாலே இருந்த ஐந்து ஆட்டங்களில் ஜெட்ஸ் எடுத்தது 93 புள்ளிகள், சராசரி 18.6. அவர் போன பிறகு ஆறு ஆட்டங்களில் எடுத்தது 111, சராசரி 18.5. தாக்குதல் ஆட்டம் இருந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இனி விட்டுக்கொடுத்த புள்ளிகளைப் பாருங்கள். முதல் ஐந்து ஆட்டங்களில் எதிரணிகள் எடுத்தவை 85, சராசரி 17. அடுத்த ஆறு ஆட்டங்களில் 157; சராசரி 26. முதல் கணக்கில் உள்ள 85-இல், லண்டனில் பறிக்கப்பட்ட பாஸிலிருந்து வந்த டச்டவுனும் அடங்கும். அதைத் தடுப்பு அணியின் கணக்கில் எழுதவும் நியாயமில்லை. எதிரணிகளின் பலம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது புள்ளி வித்தியாசத்தை அட்டவணையின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது.

சாலே தடுப்பாட்டத்தில் தேர்ந்தவர். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் குறைவான யார்டுகளை விட்டுக்கொடுத்த முதல் ஐந்து அணிகளுக்குள் ஜெட்ஸ் இருந்தது. 2021-இல் அவர் பொறுப்பேற்றதிலிருந்து மொத்தக் கணக்கு 20 வெற்றி, 36 தோல்வி. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. சீசன் முடிந்த பிறகு அவரை அனுப்பியிருந்தால் எதிர்த்திருக்க மாட்டேன். ஆனால் பழுது இருந்தது தாக்குதல் ஆட்டத்தில். வெட்டப்பட்டது தடுப்பாட்டத்தின் வேர். சாலேயின் இடத்துக்கு வந்த ஜெஃப் உல்பிரிக், அதுவரை தடுப்பாட்டத்தை மட்டும் முழு நேரமாகக் கவனித்தவர். இப்போது அந்த வேலையோடு முழு அணியின் பொறுப்பும் அவர் தலையில் ஏறியது. தாக்குதல் ஆட்டத்தின் அழைப்புகள் ஹாக்கெட்டிடமிருந்து டாட் டவுனிங்கிடம் மாற்றப்பட்டன. ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் கை மாறிய ஒரு அணி, அடுத்த திங்கட்கிழமையே பஃபலோவை எதிர்கொண்டது.

அதன் பலனை நவம்பர் 10 அன்று அரிசோனாவில் கண்டோம். கார்டினல்ஸ் குவார்ட்டர்பேக் கைலர் மரே எறிந்த 24 பாஸ்களில் 22 சரியான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆட்டம் 31-6 என்று முடிந்தது. ஈராண்டுகளாகத் தடுப்பாட்டத்தாலேயே மரியாதை பெற்ற ஒரு அணிக்கு இப்படி ஒரு நாள் வந்ததைப் பார்ப்பது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

கேள்வி: அணியின் உரிமையாளருக்கு இதில் எவ்வளவு பங்கு?

பதில்: பெரும் பங்கு. வுடி ஜான்சன் 2000-ஆம் ஆண்டு இந்த அணியை 63.5 கோடி டாலருக்கு வாங்கினார். அவருடைய காலத்தில் சீசன் நடுவே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டது இதுவே முதல் முறை. இடையில் அவர் பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தபோது, சகோதரர் கிறிஸ்டோபர் ஜான்சன் அணியைக் கவனித்தார். டக்ளஸை 2019-இலும் சாலேயை 2021 ஜனவரியிலும் நியமித்தவர் அவரே. இப்போது இருவருமே ஆறு வார இடைவெளியில் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். டக்ளஸின் காலத்தில் கணக்கு 30-64. அவரைத் தக்கவைக்க வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் ஆடம்ஸ் போன்ற பெரிய வரவை அக்டோபரில் ஒப்புக்கொண்டுவிட்டு, அதைச் செய்த மேலாளரை நவம்பரில் நீக்குவது, அடுத்த ஆண்டைப் பற்றி யார் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வியை எழுப்புகிறது. பொறுமை இல்லாத இடத்தில் ஒரு திட்டமும் வேர்விடுவதில்லை.

கேள்வி: நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவள். 'ஃபால்ஸ் ஸ்டார்ட்' என்று அடிக்கடி தண்டனை கொடுக்கிறார்களே, அது என்ன? ஜெட்ஸ் அதில் ஏன் அதிகம் சிக்குகிறது?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. இந்த அணியின் நிலையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வாசல் இல்லை.

தாக்கும் அணியின் முன்வரிசை வீரர்கள் கையை ஊன்றி நிலைகொண்ட பிறகு, பந்து பின்னால் தரப்படும்வரை அசையவே கூடாது. தோள் லேசாகத் துடித்தால்கூட நடுவர் கொடியை வீசுவார். ஐந்து யார்டு பின்னால் போக வேண்டும். பந்து எந்த நொடியில் வரும் என்பதைக் குவார்ட்டர்பேக் குரலால் எண்ணிச் சொல்வார். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே எதிரணியை ஏமாற்றி முன்கூட்டியே பாயவைப்பதில் ராட்ஜர்ஸ் பல ஆண்டுகளாகப் புகழ்பெற்றவர். திடீரென்று ஒரு சொல்லை உரக்கச் சொல்வார், பந்து வராது, எதிரணி வீரர் கோட்டைத் தாண்டிவிடுவார், ஐந்து யார்டு இலவசம்.

இந்த வித்தைக்கு ஒரு விலை உண்டு. எதிரணியை ஏமாற்றும் அதே குரல், பழக்கம் போதாத சொந்த வீரரையும் ஏமாற்றிவிடும். இந்த ஆண்டு ஜெட்ஸ் முன்வரிசையில் டைரன் ஸ்மித், ஜான் சிம்ப்சன், மார்கன் மோசஸ் என்று ஐவரில் மூவர் வேறு அணிகளிலிருந்து வந்தவர்கள். செப்டம்பர் 29 அன்று மெட்லைஃப் மைதானத்தில் மழை பெய்துகொண்டிருந்தபோது, டென்வருக்கு எதிராக ஜெட்ஸ் 13 தண்டனைகள் வாங்கியது. அவற்றில் ஐந்து ஃபால்ஸ் ஸ்டார்ட். சொந்த மைதானத்தில், எதிரணி ரசிகர்களின் இரைச்சல் என்ற சாக்கு இல்லாத இடத்தில் இது நடந்தது. ஒரு டச்டவுனும் எடுக்காமல் 9 புள்ளிகளோடு முடிந்த அந்த ஆட்டத்தில், ஒவ்வொரு ஐந்து யார்டும் ஒரு மைல் போலக் கனத்தது.

ஆட்டம் முடிந்ததும் சாலே, குரல் எண்ணிக்கையை எளிமையாக்குவது பற்றி யோசிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். ராட்ஜர்ஸோ, தவறு செய்பவரைப் பொறுப்பேற்கச் செய்வதும் ஒரு வழி என்று சொன்னார். இரண்டிலுமே நியாயம் உண்டு. ஆனால் பயிற்சியாளரும் குவார்ட்டர்பேக்கும் இதை அறைக்குள் பேசி முடிக்காமல், இருவரும் இரு வேறு விடைகளைச் செய்தியாளர்கள் முன் வைத்ததுதான் எனக்குக் கவலையளித்தது. பத்து நாள்களுக்குள் அவர்களில் ஒருவர் வேலையில் இல்லை.

கேள்வி: உதைப்பவர் கிரெக் ஜூர்லைன் ஒழுங்காக உதைத்திருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்காது அல்லவா?

பதில்: ஓரளவு உண்மை. டென்வர் ஆட்டத்தில் 47 விநாடிகள் மீதமிருக்க 50 யார்டு உதை தவறியது. ஒரு புள்ளியில் தோல்வி. பஃபலோ ஆட்டத்தில் இரண்டு உதைகள் கம்பத்தில் பட்டுத் திரும்பின. மூன்று புள்ளியில் தோல்வி. நியூ இங்கிலாந்து ஆட்டத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஒரு ஃபீல்ட் கோலும், டச்டவுனுக்குப் பின் வரும் ஒரு கூடுதல் உதையும் தவறின. மறுபடியும் மூன்று புள்ளி. ஆனால் இதே மனிதர் போன ஆண்டு 38-இல் 35 உதைகளைச் சரியாக அடித்தவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நியூ இங்கிலாந்து ஆட்டத்துக்குப் பிறகு அவர் முழங்கால் காயத்தோடு ஒதுங்கினார். அதன் பின் மூன்று ஆட்டங்களுக்கு மூன்று வேறு ஆட்கள் உதைத்தார்கள். 50 யார்டு உதையை நம்பி ஆட்டத்தின் கடைசி நிமிடம்வரை வந்துசேர்ந்தது தாக்குதல் அணியின் குறை. அதை உதைப்பவரின் காலில் மட்டும் கட்டிவிடக் கூடாது.

கேள்வி: ஹசான் ரெடிக் விவகாரத்தைப் பற்றி?

பதில்: சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-இல் பத்து முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய பிரைஸ் ஹஃப், ஒப்பந்தம் முடிந்து பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். அதே ஈகிள்ஸிடமிருந்து, ஹஃபின் இடத்துக்கு, ரெடிக்கை ஜெட்ஸ் வாங்கியது, ஆனால் புதிய ஒப்பந்தத்தை முன்கூட்டியே பேசி முடிக்கவில்லை. சம்பளம் உயரவில்லை என்று அவர் வரவே இல்லை. முதல் ஏழு ஆட்டங்களைத் தவறவிட்டு அக்டோபர் 27 அன்றுதான் களமிறங்கினார். நடுவில் இரண்டாவது ஆட்டத்திலேயே ஜெர்மைன் ஜான்சனுக்கு அகில்லிஸ் அறுந்தது. ஜான் ஃபிராங்க்ளின்-மையர்ஸ் ஏப்ரலிலேயே டென்வருக்கு அனுப்பப்பட்டிருந்தார். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நெருக்க வேண்டிய நால்வரில் இத்தனை ஓட்டை விழுந்தால், பின்னால் நிற்கும் கார்ட்னர் எவ்வளவு நேரம்தான் ஒருவரை விடாமல் துரத்துவார்?

கேள்வி: டிசம்பர் 2 அன்று ராட்ஜர்ஸுக்கு 41 வயது ஆகிறது. அவர் முடிந்துவிட்டாரா?

பதில்: முடிந்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். பஃபலோ ஆட்டத்தின் முதல் பாதி முடிகிற நொடியில் அவர் 52 யார்டு தூக்கி எறிந்ததை லசார்ட் எல்லைக்குள் பிடித்தாரே, அது வயதான தோள் எறிகிற பந்து இல்லை. குறைந்திருப்பது கால். முன்பெல்லாம் நெருக்கடி வரும்போது பக்கவாட்டில் நழுவிச் சென்று நேரம் சம்பாதித்துக்கொள்வார். இப்போது பந்தைச் சட்டென்று விட்டுவிடுகிறார். அகில்லிஸ் அறுந்து ஓராண்டு கழித்து, லண்டனில் கணுக்காலிலும் அடிபட்டுக்கொண்ட ஒருவரிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவருக்கு இன்று தேவை உறுதியான ஓட்டமும், அவசரமில்லாத முன்வரிசையும். இந்த அணி அந்த இரண்டையும் அவருக்கு ஒழுங்காகக் கொடுக்கவில்லை.

கேள்வி: ஜெட்ஸை விட்டுப் போகும் குவார்ட்டர்பேக்குகள் வேறு ஊரில் நன்றாக ஆடுகிறார்களே, இது ஏதேனும் சாபமா?

பதில்: சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, அதனால் அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. லண்டனில் ஜெட்ஸைத் தோற்கடித்த வைகிங்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட். 2018-இல் புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாவது தேர்வாக ஜெட்ஸ் எடுத்தவர். மூன்றே ஆண்டுகளில் கைவிடப்பட்டவர். இன்று அவருடைய அணி 10 ஆட்டங்களில் 8 வென்றிருக்கிறது. 2013-இல் எடுக்கப்பட்ட ஜீனோ ஸ்மித் சியாட்டிலில் மறுவாழ்வு பெற்று, 2022-இல் மீண்டெழுந்த ஆட்டக்காரருக்கான விருதை வாங்கினார். டிசம்பர் 1 அன்று மெட்லைஃப் மைதானத்தில் ஜெட்ஸ் எதிர்கொள்ளப்போவது அவரைத்தான். 2021-இல் இரண்டாவது தேர்வாக வந்த சாக் வில்சனும் இந்த ஏப்ரலில் டென்வருக்கு அனுப்பப்பட்டுவிட்டார்.

இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் தேறுவதற்கு, ஒரே பயிற்சியாளரின் ஒரே பாடத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து படிக்க வேண்டும். டார்னால்ட் ஜெட்ஸில் இருந்த மூன்று ஆண்டுகளுக்குள் டாட் பௌல்ஸ் போய் ஆடம் கேஸ் வந்தார், கேஸும் போனார். சீசன் முடிவில் சிறந்த அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃபில் இந்த அணி கடைசியாக ஆடியது 2010 சீசனில். 2011 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கிடம் 24-19 என்று தோற்றபோது சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றது. அதற்குப் பிறகு 13 சீசன்கள் வெறுமையாகக் கழிந்தன. ஜோ நேமத் காலத்தில் 1969 ஜனவரியில் பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வென்று பெற்ற ஒரே சூப்பர் பௌலை நினைத்துக்கொண்டு இன்றும் மைதானத்துக்கு வரும் ரசிகர்களுக்கு இந்த அணி பட்டிருக்கும் கடன் பெரிது.

கேள்வி: என் பத்து வயது மகன் ஜெட்ஸ் சட்டையைத்தான் அணிவேன் என்கிறான். இந்த சீசனில் அவனுக்கு நான் எந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாம்? (நியூயார்க் வாசகர்)

பதில்: அக்டோபர் 31 அன்று ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்கு எதிரான ஆட்டத்தைக் காட்டுங்கள், ஐயா. முழுவதையும் காட்டுங்கள், நல்ல பகுதியை மட்டும் வெட்டிக் காட்ட வேண்டாம்.

முதல் காற்பகுதியில் புதுமுக வீரர் மலகாய் கோர்லி பந்தோடு ஒருவர் கையும் படாமல் 19 யார்டு ஓடுவார். தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய முதல் டச்டவுனாக அது இருந்திருக்க வேண்டும். கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு கணம் முன்னால், மகிழ்ச்சியில், பந்தைக் கையிலிருந்து விட்டுவிடுவார். பந்து தரையில் உருண்டு பின்கோட்டைத் தாண்டிப் போய்விடும். விதிப்படி பந்து ஹூஸ்டனுக்கே சொந்தமாகிவிடும். அந்த இளைஞரின் முகத்தை உங்கள் மகன் பார்க்கட்டும். பாதி ஆட்டம் முடியும்போது ஜெட்ஸ் கணக்கில் ஒரு புள்ளிகூட இருக்காது.

பிறகு கடைசிக் காற்பகுதிவரை காத்திருக்கச் சொல்லுங்கள். மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க 19 யார்டு தேவை. ராட்ஜர்ஸ் எல்லைப் பகுதியின் ஓரத்துக்கு உயரமாக எறிவார். காரெட் வில்சன் பின்னோக்கி எழும்பி, உடலை முறுக்கி, ஒற்றைக் கையை நீட்டி அந்தப் பந்தைக் காற்றிலிருந்து எடுப்பார். முதலில் எல்லைக்கு வெளியே விழுந்தார் என்றுதான் தீர்ப்பு வரும். மறுபடியும் மறுபடியும் படத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அவருடைய முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, வெள்ளைக் கோட்டுக்கு உள்பக்கத்தில், புல்தரையில் முதலில் பட்டிருப்பது தெரியவரும். தீர்ப்பு மாறும், ஜெட்ஸ் முன்னிலை பெறும், 21-13 என்று வெல்லும்.